தனக்கோடி வீட்டில் ஒரு ரூம்

ஆரணி
6-8-2001

கமலக்கண்ணன் வீட்டில் இருப்பவருக்கு,

உன் பேரை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ தப்பாக நினைத்தாலும் நினைத்துக்கொள். நான் உன் மாமியார் தெய்வநாயகி. நாலு வருஷமாக என் பிள்ளையை என் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கிறவளுக்கு நானே கடிதம் எழுதும்படி ஆகிவிட்டது, எல்லாம் என் தலையெழுத்து.

ஸ்வர்ணலதாவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. கடைசி நாள் கவுன்சிலிங்கில் கிடைத்தது. எந்தக் காலேஜ் தெரியுமா, நீ வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடைக்கு எதிரில் இருக்கிறதே, அதேதான். கடை எங்கே இருக்கிறது என்று பொங்கல் வாழ்த்து அட்டையில் அவன் எழுதியிருந்தான். கூட உங்கள் போட்டோவும் இருந்ததாம். ஸ்வர்ணா பார்த்தாள், நான் பார்க்கவில்லை.

ஹாஸ்டல் நிரம்பிவிட்டது, வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். இருபத்தேழாம் தேதி திறக்கிறார்கள். ஹாஸ்டல் இல்லை என்றதுமே எங்கள் வீட்டுக்காரர் மனசு மாறிவிட்டது. செய்யாறு கம்பெனியில் வேலை செய்கிற ராஜ்குமார் என்று ஒரு பையன், அவன் வீட்டார் ஆனியிலிருந்து பெண் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "அமாவாசைக்குள்ள மரியாதப்பட்ட எடமா ஒரு ரூம் என் கண்ணுக்குக் காட்டு, சேத்து உடறேன். இல்லன்னா செய்யாத்துக்காரங்களுக்குச் சேதி அனுப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள், அது உனக்குத் தெரியாததா? பெண் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

அதனால் காலேஜ் பக்கமாக ஒரு ரூம் பார்த்துக் கொடு. கீழே நல்ல குடும்பம் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் வேண்டாம். நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் பேசும்போது எங்கே தங்கிப் படித்தாள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அது உனக்கே புரியும்.

அவனுக்கு எழுதினால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பான். அப்பனும் பிள்ளையும் தெருவில் நின்று கத்துவார்கள். போன் பேசலாம் என்றால் பூத்தில் நாலு பேர் காது. பதிலை எங்கள் வீட்டுக்குப் போடாதே. எதிர்வீட்டு குணசுந்தரி பேருக்குப் போடு.

தெய்வநாயகி


சென்னை
10-8-2001

தெய்வநாயகி அம்மாள் அவர்களுக்கு,

என் பெயர் சூர்யகலா. அவ்வளவு ஒன்றும் கஷ்டமான பெயர் இல்லை.

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். ஒரு பையன் பிராஜெக்ட் ஜெராக்ஸ் கேட்டு நின்றுகொண்டிருந்தான். கவனம் தப்பிப் பாதிப் பக்கம் கறுப்பாக வந்துவிட்டது. முதலாளியிடம் வாங்கிய திட்டு உங்கள் கணக்கில் சேரட்டும்.

உங்கள் பிள்ளையை நான் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. கல்யாணமான மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் ஆரணி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினோம். தெருவுக்குள் வர வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரர் அங்கேயே ஆள் அனுப்பிச் சொன்னார். அடுத்த வண்டியில் திரும்பினோம். கலசப்பாக்கத்துக் காலனிக்காரி கால் பட்டால் தெரு கெட்டுப்போகும் என்றால் அவள் தேடிக் கொடுக்கிற ரூம் மட்டும் எப்படி ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை. இதை எழுதினால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு ஹாலும் ஒரு சின்ன ரூமும் இருக்கிறது. அந்த ரூமில் மடக்குக் கட்டிலையும் பழைய பேப்பரையும் தவிர ஒன்றும் இல்லை. நீங்கள் வேண்டாம் என்றுவிட்டீர்கள். நானும் மறுபடி சொல்லப் போவதில்லை.

ஸ்வர்ணாவுக்காகத் தேடினேன். அவள் என்னை என்ன செய்தாள் பாவம். கடை முடிந்த பிறகு தெருத் தெருவாகப் போனேன். பாதி வீட்டில் பையன்களுக்குத்தான் கொடுப்போம் என்றார்கள். லேடீஸ் ஹாஸ்டல் என்று போர்டு போட்ட இடத்தில் ஒரே ரூமில் ஆறு கட்டில், இன்னொரு பெண் வராந்தாவில் படுத்திருக்கிறாள். மற்ற வீடுகளில் கேட்ட முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" நாங்கள் வீடு தேடியபோதும் இதையேதான் கேட்டார்கள். அப்போது உண்மையைச் சொன்னேன். சொன்ன வீட்டில் எல்லாம் மறுநாளே ஊரிலிருந்து சொந்தக்காரர் குடிவருகிறார் என்றார்கள். இந்த முறை உங்கள் வீட்டைப் பற்றித்தானே சொல்ல வேண்டும், ஆரணி, பட்டு நெசவு, சைவம் என்றேன். என்னையும் உங்கள் ஆள் என்று நினைத்து நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்கள். இந்தப் பேட்டையில் எனக்குக் கிடைத்த முதல் நாற்காலி உங்கள் புண்ணியம்.

ஒரு வீடு நன்றாக இருக்கிறது. ரிட்டயரான டீச்சர், பெயர் ரங்கம்மாள், தெலுங்குக்காரர், தனியாக இருக்கிறார். மாடியில் ஒற்றை ரூம், குழாய் இருக்கிறது, ஜன்னலில் பார்த்தால் காலேஜ் கேட் தெரியும். பெண்ணின் அப்பாவே வந்து பேசி அட்வான்ஸ் கொடுக்க வேண்டுமாம். இன்னொரு குடும்பமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பதினைந்தாம் தேதி லீவு நாள், அன்றைக்கே வந்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளையிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். சாப்பிடாமலே நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

சூர்யகலா


ஆரணி
13-8-2001

சூர்யகலாவுக்கு,

பேர் எழுதிவிட்டேன், போதுமா?

பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பியது எனக்குத் தெரியும். நான் அப்போது அடுப்படியில்தான் இருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதை விடு.

பதினைந்தாம் தேதி வர முடியாது. தறியில் இருக்கிற சேலை ஆவணி முகூர்த்தத்துக்குக் கடைக்குப் போக வேண்டியது. கரைப் பக்கம் உட்கார்ந்து கரை இழைக்கு நாடா தள்ளுகிறவள் ஸ்வர்ணாதான். இவரும் அவளும் எழுந்தால் தறி நின்றுவிடும். சனிக்கிழமை அமாவாசை. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது, அன்றைக்குத்தான் வருவார். நல்ல நாளும் கூட. "நெறைஞ்ச அமாவாசைல அட்வான்ஸ் குடுத்தா அந்த எடம் நெலைக்கும்" என்று அவரே சொல்கிறார். வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். அந்த டீச்சரம்மாவைச் சனிக்கிழமை வரைக்கும் பிடித்து வை.

இன்னொன்று. இவர் வரும்போது நீ அங்கே இருக்காதே. உன் முகம் இவருக்குத் தெரியாது, ஆனால் நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வாய்? கடையிலேயே இருந்துவிடு. அவனையும் அந்தப் பக்கம் விடாதே. கோபப்படாதே. கோபப்பட்டாலும் இதை மட்டும் செய்.

தெய்வநாயகி


சென்னை
20-8-2001

அத்தைக்கு,

இப்படி எழுதலாமா என்று உங்களைக் கேட்கப் போவதில்லை. நடந்ததைப் படித்தால் நீங்களே ஒன்றும் சொல்ல மாட்டீர்கள்.

மாமா வீட்டில் எவ்வளவு சொன்னாரோ தெரியாது. ரங்கம்மாள் வீட்டுப் படியேறி வெற்றிலைத் தட்டை நீட்டியிருக்கிறார். அந்த அம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். "அமாவாசையன்னிக்கு யாராவது அட்வான்ஸ் குடுப்பாங்களா? எங்க ஆளுங்க இன்னிக்கு நல்ல காரியம் பேசக்கூட மாட்டோம்" என்றிருக்கிறார். மாமா, அமாவாசைதாங்க நல்ல நாள், நாங்க எல்லாமே இன்னைக்குத்தான் தொடங்குவோம் என்றிருக்கிறார். பேச்சு வளர்ந்து, முதல் நாளே இப்படி அபசகுனமாக வருகிறவர்களுக்கு ரூம் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார். மற்ற குடும்பம் வெள்ளிக்கிழமையே வந்து பேசிவிட்டுப் போயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. தெலுங்குக்காரர்களுக்கு அமாவாசை ஆகாது என்று எனக்கும் தெரியவில்லை. நீங்கள் என்னைப் போகாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் பக்கத்தில் நின்று ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன்.

நான் கடையில் இருந்தேன். ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும் வெயிலில் ரோட்டைக் கடந்து வந்தார்கள். என்னைப் பார்த்ததும் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. போட்டோவில் பார்த்திருக்கிறாள் இல்லையா. அவர் கவுண்டரில் கையை ஊன்றி, "இன்னாம்மா, இந்தப் பக்கம் எங்கனா ரூம் காலி இருக்குதா? ஒரே பேஜாராப் போச்சி" என்றார். உங்கள் பிள்ளைக்கு வயசானால் எப்படி இருப்பார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஸ்டூலைப் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். சொம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.

பெயர் கேட்டார். செத்துப்போன என் அம்மாவின் பெயர் வாயில் வந்தது. தனக்கோடி என்றேன். எந்த ஊர், யார் வீடு என்று அடுத்து ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்வர்ணா, "நம்ம ஆளுங்கதாம்பா. தேசூரு. அவங்க வீட்லயும் தறிதான்" என்றாள். செய்யாறு வரனுக்குப் பயந்து என் ஊரையும் ஆளையும் ஒரே நொடியில் மாற்றிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரைப் பற்றி ஒரு நாளும் பொய் சொல்லாதவள் நான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு ரூம் இருக்கிறது என்று அப்புறம் நானே சொன்னேன். அவரைக் கூட்டிப்போனேன். ஸ்வர்ணா முந்திக்கொண்டு உள்ளே ஓடி, டி.வி. மேல் இருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள். மாமா சுவர், ஜன்னல், தாழ்ப்பாள் எல்லாம் பார்த்தார். "தனி ரூமவிட ஒரு வீட்டுக்குள்ள இருக்கறதுதான் நல்லது. உங்களப் பாத்தாலே தெரியுது, நல்ல குடும்பம்" என்றார். வெற்றிலைத் தட்டை என்னிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது நான் என்ன செய்ய? உண்மையைச் சொன்னால் அவள் படிப்பு போச்சு. சொல்லாவிட்டால் என் வீட்டிலேயே நான் இன்னொருத்தி. பதில் எழுதுங்கள்.

சூர்யகலா


ஆரணி
24-8-2001

சூர்யகலாவுக்கு,

சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், சொல்லாதே.

அன்றைக்கு வந்தவர் முகம் கழுவுவதற்கு முன்னாலேயே செய்யாற்றுக்காரர்களுக்கு இப்போது இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். சாப்பிடும்போது அந்தத் தனக்கோடி, அந்தத் தனக்கோடி என்று ஒரே பேச்சு. "கேக்காமலே ஸ்டூலு போட்டுத் தண்ணி குடுத்துச்சி. அந்த மாதிரி ஒண்ணு நம்ம வீட்டுக்கு வந்திருந்தா இவன் ஏன் இப்பிடிப் போறான்" என்றார். ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினேன்.

நாலு வருஷம்தான். அவள் படித்து ஒரு வேலையில் உட்கார்ந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடும் அரிசி மூட்டையோடும் வருகிறாள். இவர் அமாவாசைக்கு அமாவாசை வந்து பார்ப்பார். அன்றைக்கு அவன் வீட்டில் இருக்கக் கூடாது. போட்டோவை எடுத்து உள்ளே வை. வாசலில் அவன் செருப்பும் இருக்கக் கூடாது, பிள்ளையின் கால் அளவு இவருக்குத் தெரியும்.

உன் வீட்டுக்குள்ளேயே உன்னை ஒளியச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. வேறு வழி தெரியவில்லை.

தெய்வநாயகி


சென்னை
19-11-2001

அத்தைக்கு,

ஸ்வர்ணா நன்றாகப் படிக்கிறாள். அண்ணனும் தங்கையும் டி.வி. ரிமோட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். நாலு வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மற்றது எதுவும் நல்லதாக இல்லை.

மாமா ஒவ்வொரு அமாவாசைக்கும் வருகிறார். உங்கள் பிள்ளை விடிந்ததும் எழுந்து செருப்பு, ஷேவிங் செட், லுங்கி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்காருகிறார். வீட்டுக்காரர் எங்கே என்று மாமா கேட்டால் ஷிப்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். மாமா பஸ் ஏறிவிட்டார் என்று ஸ்வர்ணா போய்ச் சொன்ன பிறகுதான் வருகிறார். தீபாவளிக்கு மறுநாள் பஸ் நிற்கிற இடத்தில் மறைந்து நின்று அப்பாவைப் பார்த்திருக்கிறார். வந்து, "அப்பாவுக்கு முதுகு வளைஞ்சிகினு வருது" என்று மட்டும் சொன்னார்.

மகாளய அமாவாசைக்கு வந்தபோது, உச்சிப் பொழுதுக்கு எங்கே இருக்கிறோமோ அங்கே காக்கைக்கு வைத்தால் போதும் என்று சொல்லி, நான் சமைத்ததையே எடுத்து மாடிச் சுவரில் வைத்து அவர் அப்பாவை நினைத்துக் கும்பிட்டார். நான் பின்னால் சொம்போடு நின்றேன். அன்றையிலிருந்து எல்லா அமாவாசைக்கும் அப்படித்தான். வெங்காயம், பூண்டு சேர்க்காமல் உங்கள் வீட்டு முறையில் சமைக்க ஸ்வர்ணா சொல்லித் தந்தாள். "எங்க வீட்டுச் சமையல் மாதிரியே இருக்குதும்மா" என்கிறார். எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, என் மேலேயே வெறுப்பாகவும் இருக்கிறது.

எனக்கு அஞ்சு மாசம். உங்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். போன தடவை மாமாவே கண்டுபிடித்துவிட்டார். "மாமனார் மாமியார் வந்து பாத்தாங்களா?" என்று கேட்டார். மாமனார் எங்களோடு பேசுவதில்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எவன் அவன், இப்பேர்ப்பட்ட மருமவள வெச்சிகினு பேசாம கெடக்கறவன்" என்றார். ஸ்வர்ணா எழுந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவர் இலையில் மோர் ஊற்றினேன்.

இன்னும் எத்தனை அமாவாசை அத்தை?

சூர்யகலா


ஆரணி
7-2-2002

சூர்யகலாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இத்தனை நாள்.

தை அமாவாசைக்கு இவர் வரும்போது வளையல் கொடுத்து அனுப்புகிறேன். ஏழு மாசம் தாண்டினால் வளையல் போட வேண்டும். பெண் தங்கியிருக்கிற வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்குச் செய்வது முறைதானே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மறுபேச்சு பேசாமல் கடைவீதிக்குப் போய் அவரே பொறுக்கி வாங்கி வந்தார். பச்சையும் சிவப்பும். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். என் பேரக்குழந்தைக்கு வளையல் போட நான் வர முடியவில்லை. உன் அம்மா இருந்தால் அவள் செய்திருப்பாள், அவளும் இல்லை.

உன் வாயில் இத்தனை நாள் நின்றது இன்னும் கொஞ்சம் நிற்கட்டும். ஸ்வர்ணாவுக்கு ஒரு வருஷமாவது முடியட்டும்.

தெய்வநாயகி


சென்னை
12-2-2002

அத்தைக்கு,

நான் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே மாமாவும் ஸ்வர்ணாவும் அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள். ஆனாலும் என் வாயால் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மாமா பதினொரு மணிக்கு வந்தார். மாடியில் படையல் வைத்தார், சாப்பிட்டார். பிறகு பையிலிருந்து வளையலை எடுத்து ஸ்வர்ணாவிடம் கொடுத்துப் போடச் சொன்னார். அவள் போட்டுவிடும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் நிறைந்த பிறகு சொன்னார். "உன் மாமனாரு வரலன்னா இன்னாம்மா. பொறக்கற புள்ளைக்குத் தாத்தான்னு நான் வந்து நிக்கறேன். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத."

நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு நினைவு இருந்தது. ஸ்வர்ணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் பயம். ஆனால் அத்தை, வயிற்றில் அது அந்த நேரம் பார்த்துப் புரண்டது. அதற்குப் பிறகும் என்னால் தனக்கோடியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நீங்கதாங்க அந்த மாமனாரு. நான் சூர்யகலா" என்றேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. ஸ்வர்ணாவைப் பார்த்தார். அவள் அழ ஆரம்பித்ததும் புரிந்துவிட்டது. கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "எங்க அப்பனுக்கு உன் கையால படையல் போட்டுட்டேனேம்மா" என்றார். அவ்வளவுதான் என்னிடம் சொன்னது. ஒரு மனுஷனை விஷம் வைத்துக் கொன்றுவிட்டதாகச் சொல்கிற குரல் அது. தாத்தா என்று சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் அது.

பிறகு ஸ்வர்ணாவிடம், "பொட்டிய எடு, ஜல்தியாக் கெளம்பு" என்றார். அவள் மாட்டேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிரித்து இழுத்துக்கொண்டு போனார். புத்தகமெல்லாம் இங்கேயே கிடக்கிறது. தெருக்கோடியில் உங்கள் பிள்ளை நின்றிருந்தார். என்றைக்கும் இல்லாமல் இன்றைக்கு ஏனோ ஸ்டேஷனுக்குப் போகாமல் அங்கேயே நின்றிருக்கிறார். அவரைத் தாண்டித்தான் போனார்கள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. இவர் "அப்பா" என்று கூப்பிட்டிருக்கிறார்.

ஸ்வர்ணாவின் படிப்பை நான்தான் கெடுத்தேன். சொன்னதற்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை. இரண்டும் உண்மை. நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள்.

வளையலைக் கழற்றவில்லை.

சூர்யகலா


ஆரணி
16-2-2002

சூர்யகலாவுக்கு,

உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

அன்றைக்கு வந்தவர் நேராகக் கொல்லைக்குப் போனார். கட்டிய வேட்டியோடு குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டார். என்ன என்று கேட்டேன். ஸ்வர்ணாதான் சொன்னாள். நான் அங்கேயே நின்று பார்த்தேன். என் பிள்ளையின் பெண்டாட்டி சமைத்ததைச் சாப்பிட்டதற்கு, செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் போலத் தலை முழுகிக்கொண்டிருக்கிறார். நாலு வருஷமாக நானும் இவர் பக்கம்தான் நின்றேன். உங்கள் வீட்டில் வேண்டாம் என்று உனக்கு முதல் கடிதத்தில் எழுதியது இவர் இல்லையே, நான்தானே.

தலை துவட்ட வந்தபோது சொன்னேன். "எனக்கும் தெரியும். மொதல்லருந்தே தெரியும். நான்தான் அவளுக்கு எழுதினேன்." பார்த்தார். பிறகு கேட்டேன். "அவ கைச் சோத்த இப்பிடி முழுகித் தீத்துட்டீங்க. அவ வயித்துல இருக்கற உங்க ரத்தத்த எதுல முழுகித் தீப்பீங்க?" துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அன்றையிலிருந்து என்னோடும் பேச்சு இல்லை. தறியில் ஸ்வர்ணா உட்காரவில்லை. நான் போய்க் கரைப் பக்கம் உட்காருகிறேன். எனக்குக் கை பழகவில்லை, இழை அறுகிறது. அறுந்தால் நிறுத்துகிறார், நான் முடிச்சுப் போட்டதும் ஓட்டுகிறார்.

செய்யாற்றுக்காரர்களுக்கு ஆள் போய்விட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். என்னிடம் சொல்லவில்லை, குணசுந்தரி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இவர் இப்போது ஜரிகை வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் ஸ்வர்ணாவை நானே பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போகிறேன். நாளைக்கு வருகிறவர்களுக்கு என்ன பதில் என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும். இந்தத் தெருவில் என் பேச்சு எப்படி அடிபடும் என்றும் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது.

பிரசவத்துக்கு என்னை எதிர்பார்க்காதே. நானும் கூடவே வண்டி ஏறிவிடலாமா என்று ராத்திரி முழுக்க நினைத்தேன். என்னால் முடியவில்லை. முப்பது வருஷம் இவருக்குச் சோறு போட்ட கை, இவரைத் தனியாக விட்டுவிட்டு வர மனசு துணியவில்லை. நான் அப்படிப்பட்டவள்தான். குழந்தையை எனக்குக் காட்ட வேண்டும் என்று கூட நான் கேட்கப் போவதில்லை, உனக்கே தோன்றினால் காட்டு. கண்ணனிடம், அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்தாள் என்று மட்டும் சொல்.

இதைத் தபாலில் போடவில்லை, அவள் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். யாராவது கேட்டால் அண்ணன் வீட்டில் தங்கிப் படிக்கிறேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். சென்னையிலிருந்து வந்த நாள் முதல் அவள் இந்த வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை, நேற்றிலிருந்து தண்ணீர் கூடத் தொடவில்லை. முதலில் அவளுக்குச் சோறு போடு.

உன் அத்தை
தெய்வநாயகி